நாங்கூர்ப் பதிகங்களின் அடைவும் ஆழ்வாருடைய வயல்வழியும்

பெரிய திருமொழியை முதலிலிருந்து அடைவே ஸேவித்து வருபவர்களுக்கு, அது ஒரு யாத்ரையின் க்ரமத்திலே அமைந்திருப்பது ஒருவர் சொல்லாமலே புலப்படும். வடக்கே திருப்பிரிதியில் தொடங்கி, பதரி, ஸாளக்ராமம், நைமிசாரண்யம், சிங்கவேள்குன்றம் ஆகியவற்றைக் கடந்து திருவேங்கடத்தில் வந்து நிற்கிறார் ஆழ்வார். அங்கிருந்து எவ்வுள், திருவல்லிக்கேணி, நீர்மலை, கடல்மல்லை, இடவெந்தை, பிறகு கச்சி, பிறகு நடுநாட்டில் திருக்கோவலூரும் திருவயிந்திரபுரமும், அப்பால் தில்லைத் திருச்சித்திரகூடம், காழிச்சீராம விண்ணகரம், திருவாலி. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலால் தொடர்ந்து போனால், விரல் பெரும்பாலும் பின்வாங்குவதில்லை.

நாங்கூருக்கு வந்ததும் அந்த விரல் தடுமாறுகிறது. மூன்றாம் பத்தின் எட்டாம் திருமொழி தொடங்கி நான்காம் பத்தின் எட்டாம் திருமொழி முடிய, பதிகத்துக்குப் பத்தாக 110 பாசுரங்கள் நாங்கூரின் 11 திருப்பதிகளுக்கு இடையறாமல் அமைந்துள்ளன. மணிமாடக்கோயில், வைகுந்த விண்ணகரம், அரிமேய விண்ணகரம் என்ற முதல் மூன்றும் ஊருக்குள்ளேயே உள்ளவை. நான்காவது திருத்தேவனார்தொகை, ஊருக்கு வெளியே கீழச்சாலையில் இருக்கிறது. அதற்கடுத்த வண்புருடோத்தமம், செம்பொன்செய்கோயில், தெற்றியம்பலம் மூன்றும் மறுபடியும் ஊருக்குள். பிறகு மணிக்கூடமும் காவளம்பாடியும் வெளியே. அதன் பின் மேற்கே அண்ணன்கோயில் என்று வழங்கும் திருவெள்ளக்குளம். கடைசியில், அதற்கு நேர் எதிர்ப்புறமாகத் திருவெண்காட்டை ஒட்டியுள்ள பார்த்தன்பள்ளி. அதற்கு மேல் திருவிந்தளூர், அதாவது மாயூரம். மாயூரம் போகிறவர் வெள்ளக்குளத்திலிருந்து போவதே நேர்வழி. அங்கிருந்து பார்த்தன்பள்ளிக்குத் திரும்பி வந்து, பிறகு மாயூரத்துக்குப் புறப்படுவது நடந்து செல்பவர் செய்கிற காரியமன்று.

இந்தத் தடுமாற்றத்துக்கு அடியேன் இளமையில் ஒரு ஸமாதானம் சொன்னேன். அது பிழை என்று பின்னால் அறிந்தேன். ஆனால் எழுத்தில் அதைத் திருத்தவில்லை. ஐம்பது வருஷங்களுக்கு மேலாகிவிட்டன. அன்று கேட்டவர்களில் சிலர் இன்றும் அதை மேற்கோளாகச் சொல்லுவதாகத் தெரிய வருவதால், இவ்விதழின் வாசகர்கள் முன்னிலையில் அதை விலக்கிக்கொள்வது கடமையாகிறது.

அன்று அடியேனுக்கு வயது 23. எங்கள் அகத்தார் தலைமுறையாக ஒரு திவ்யதேசத்தில் அத்யாபக கைங்கர்யம் செய்து வருபவர்கள். பள்ளிக்கூடம் என்று ஒன்றுக்கு அடியேன் போனதில்லை. திருத்தகப்பனார் திண்ணையில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்ததே படிப்பு. கொஞ்சம் வ்யாகரணமும் கொஞ்சம் காவ்யமும் வந்தவுடன் எல்லாவற்றிலும் பாடபேதம் தேடும் புத்தி வந்துவிட்டது. ஒரு ஸபையில் உபந்யாஸம் செய்யும்போது, நாங்கூர்ப் பதிகங்களின் ஏடுகள் பெயர்த்தெழுதியவர் கையில் இடம் மாறியிருக்க வேண்டும் என்றும், ஊருக்குள் உள்ள ஆறும் முதலில் சேர்ந்து, பிறகு வெளியில் உள்ளவை வரிசையாக வந்து, வெள்ளக்குளம் கடைசியில் நின்றிருக்க வேண்டும் என்றும் துணிந்து சொல்லிவிட்டேன். கேட்டவர்கள் புத்திக்கூர்மை என்று மெச்சினார்கள்.

உபந்யாஸம் முடிந்து ததீயாராதனத்துக்குப் போகையில், முதிர்ந்த அத்யாபகர் ஒருவர் அடியேனை நிறுத்தினார். "ஓய், ஏடு மாறிற்று என்று ஸாதித்தீரே, அந்த வழியில் ஒரு தரமாவது கால் வைத்ததுண்டோ?" என்றார். இல்லை என்றேன். "தை அமாவாஸ்யைக்கு வாரும்" என்றார். அவ்வளவுதான்.

அந்த வழியைப் பற்றிச் சொல்லுமுன் அந்த நிலத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

நாங்கூர் ஆழ்வார் பாடியதால் மட்டும் பெயர் பெற்ற ஊரன்று. கரிகாற்சோழன் நாங்கூர் வேளிடம் மகட்கொடை கொண்டான் என்ற செய்தியைத் தொல்காப்பியப் பொருளதிகார உரையிலே நச்சினார்க்கினியர் வைத்திருக்கிறார். உரையாசிரியர் காலத்தால் மிகப் பிற்பட்டவர்தான். ஆயினும் அழுந்தூர் வேளையும் நாங்கூர் வேளையும் சேர்த்துச் சொல்லும் அந்தக் குறிப்பு ஒரு பழைய நினைவின் எச்சம் என்றே கொள்ளத் தகும். சோழர் கல்வெட்டுகளில் திருவெண்காடு நாங்கூர் நாட்டைச் சேர்ந்ததாகக் குறிக்கப்படுகிறது. ஒரு நாட்டுக்கே பெயர் கொடுத்த ஊர் என்றால் அதன் பரப்பும் செழிப்பும் சாமான்யமாக இருந்திருக்க முடியாது. இன்று சீர்காழியிலிருந்து பேருந்தில் வந்து இறங்குபவர், இது என்ன, நான்கு தெருவும் ஒரு குளமும் என்று நினைக்கக்கூடும். 108 திவ்யதேசங்களில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இந்த நான்கு தெருவிலும் இதைச் சுற்றியுள்ள வயல்களிலுமாகவே இருக்கிறது என்பதை அவருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 11-க்கும் மங்களாசாஸனம் செய்தவர் கலியன் ஒருவரே என்பதும் நினைக்கத் தக்கது.

ஆழ்வாருடைய காலத்தைப் பற்றி ஸம்ப்ரதாயத்துக்கு அதனுடைய கணக்கு உண்டு. அதைக் குலைப்பது அடியேன் நோக்கமன்று. ஆயினும் பரமேச்சுர விண்ணகரப் பதிகத்தில் பல்லவமல்லனையும், அட்டபுயகரப் பதிகத்தில் வயிரமேகனையும் ஆழ்வார் தாமே பெயர் சொல்லிக் குறித்திருப்பதால், சரித்ரகாரர்கள் எட்டாம் நூற்றாண்டு என்று சொல்லுவதற்குப் பாசுரத்திலேயே ஆதாரம் உண்டு. நமக்கு இங்கே வேண்டுவது வேறொன்று. இவர் இந்த நிலத்துக்கு வெளியூர் யாத்ரிகர் அல்லர். அவதரித்தது குறையலூரில், ஆண்டது ஆலிநாட்டை, மணந்தது வெள்ளக்குளத்துக் குமுதவல்லி நாச்சியாரை, பாகவதர்களுக்கு அமுது செய்வித்தது மங்கைமடத்தில். சோழனுக்குச் செலுத்த வேண்டிய பகுதிப்பணத்தைத் ததீயாராதனத்தில் செலவிட்டதும், அதனால் சிறை இருந்ததும் குருபரம்பரையில் ப்ரஸித்தம். எந்த வயல் யாருடையது, எந்த மடையில் எப்போது நீர் வரும் என்பதை அறிந்த குறுநில மன்னர் அவர். பதரிக்குப் போனவர் யாத்ரிகர். நாங்கூரில் நடந்தவர் ஊர்க்காரர்.

இந்த வேற்றுமையை ஆராய்ச்சிக்காரர்கள் கருதுவதில்லை. அன்று அடியேனும் கருதவில்லை. வெளியூரான் ஒரு முறை வருகிறான், வரிசையாக எல்லாவற்றையும் பார்த்து முடித்துக்கொண்டு போகிறான். ஊர்க்காரன் அப்படிச் செய்வதில்லை. காலையில் கீழச்சாலைப் பக்கம் போய்விட்டு உச்சிப்போதுக்கு வீடு திரும்புவான். மறுநாள் கிழக்கே போவான். மனைவியின் பிறந்தகத்துக்கு ஒரு நாள் போவான். ஊருக்குள் மூன்று, வெளியே ஒன்று, மறுபடி ஊருக்குள் மூன்று, வெளியே இரண்டு என்று போகிற இந்த அடைவு, குடியிருப்பவனுடைய போக்குவரத்தைப் போலவே இருக்கிறது. ஏடு மாறியது என்று சொல்ல இங்கே அவச்யமே இல்லை. இது அடியேன் பிற்பாடு கண்ட முதல் ஸமாதானம். அதுவும் போதாது என்பது மேலே விளங்கும்.

இனி உத்ஸவம். தை அமாவாஸ்யையை ஒட்டித் திருநகரியிலிருந்து ஆழ்வார் நாச்சியாரோடும், தம் திருவாராதனப் பெருமாளான சிந்தனைக்கினியானோடும் புறப்படுகிறார். குறையலூர், மங்கைமடம் முதலிய இடங்களுக்கு எழுந்தருளி, காவளம்பாடி, பார்த்தன்பள்ளி முதலான வெளித் திருப்பதிகளை மங்களாசாஸனம் செய்து, மணிகர்ணிகை ஆற்றில் மஞ்சக்குளி கண்டருளி, ஊருக்குள் உள்ள ஸந்நிதிகளையும் ஸேவித்து மணிமாடக்கோயிலை அடைகிறார். அமாவாஸ்யைக்கு மறுநாள் 11 பெருமாள்களும் கருடாரூடராய் மணிமாடக்கோயில் வாசலுக்கு எழுந்தருள, ஆழ்வார் ஹம்ஸ வாஹனத்தில் ஒவ்வொருவரையும் வலம் வந்து அந்தந்தத் திருமொழியால் மங்களாசாஸனம் செய்கிறார். இந்தப் பதினொரு கருடஸேவைக்குத்தான் இன்று ஜனங்கள் திரள்கிறார்கள். பாசுரத்தில் ஆழ்வார் அவர்களைத் தேடிப் போனார். உத்ஸவத்தில் அவர்கள் அவரைத் தேடி வருகிறார்கள். அடைவில் முதலாவதாக நிற்கும் மணிமாடக்கோயிலே உத்ஸவத்தில் முடிவிடமாகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கருடஸேவைக்கு முன் அந்த வயல்வழிதான் அடியேனுக்கு வேண்டியது. ஊருக்கும் வெளித் திருப்பதிகளுக்கும் இடையில் சாலையை விட்டு வயல் வழியாக எழுந்தருளப்பண்ணும் இடங்கள் உண்டு. தையில் ஸம்பா முற்றித் தலை சாய்ந்திருக்கும். ஸ்ரீபாதந்தாங்கிகள் வரப்பிலேயே போக முடியாது. தோளுக்குத் தோள் அகலம் வேண்டும். ஆகவே இருபுறமும் பயிரிலே இறங்கித்தான் போவார்கள். நிலத்துக்காரர் ஒருவரும் ஐயோ என்பதில்லை. ஆழ்வார் மிதித்த வயலில் மகசூல் கூடும் என்பது அவர்களுடைய உறுதி. தம் வயலை விட்டு அடுத்த வயலில் போய்விட்டாரே என்று குறைப்பட்டவரைத்தான் அடியேன் பார்த்திருக்கிறேன். முற்றிய கதிர்கள் கால்களில் உரசி எழும் சலசலப்பு, தீவட்டி வெளிச்சம், பனி, இவற்றுக்கு நடுவில் ஆழ்வார் திருமுகம் ஏறி இறங்கிப் போவது. அதை வர்ணிக்கும் சக்தி அடியேனுக்கு இல்லை.

வீதியில் இரண்டு வரிசையாகச் செல்லும் கோஷ்டி, வரப்பில் ஒற்றை வரிசையாகிவிடுகிறது. களிமண் வரப்பு, பனியில் வழுக்கும், நண்டு வளையில் கால் இறங்கும். முன்னே போகிறவர் ஓரடி சொல்லி முடித்த பிறகுதான் பின்னே வருபவர் காதில் அது விழும். வெட்டவெளியில் மதிலும் மண்டபமும் இல்லாததால் குரல் தங்குவதில்லை. அன்று வரிசையின் கடைசியில் அந்த முதிர்ந்த அத்யாபகரும் அவருக்குப் பின்னால் அடியேனும். அவர் கோஷ்டியோடு சேராமல், மூன்றாம் பத்தின் எட்டாம் திருமொழியிலிருந்து அடைவாகத் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு நடந்தார். வயது முதிர்ந்தவர், மூச்சு வாங்கும். பாசுரத்தின் மேலடிகளை முணுமுணுத்துவிட்டு, ஒவ்வொரு பாசுரத்தின் ஈற்றடியை மட்டும் வாய்விட்டுச் சொல்லுவார். ஆகவே அன்று அடியேன் கேட்டது 110 பாசுரமன்று, 110 ஈற்றடிகள். பதிகத்துக்கு ஒன்பது முறை ஒரே மகுடம், பிறகு அது மாறும், மறுபடி ஒன்பது முறை, மறுபடி மாறும்.

சந்தையிலே கற்றதை நாள்தோறும் ஸேவிப்பவர்களுக்கு இது நேராது. பாசுரம் முழுவதும் நாவில் இருக்கையில் மகுடம் தாளம் போலப் போய்விடும். மேலடிகள் கேளாமல் போனதால்தான், மகுடங்களின் போக்கு அடியேனுக்குக் கேட்டது.

முதல் மூன்று பதிகங்களில், அதாவது மணிமாடக்கோயிலிலும் வைகுந்த விண்ணகரத்திலும் அரிமேய விண்ணகரத்திலும், மகுடம் தம் நெஞ்சை நோக்கியது. வணங்கு என்று நெஞ்சுக்குக் கட்டளை. இருபத்தேழு முறை நெஞ்சோடு பேசுகிறார். தேவனார்தொகைக்கு வந்ததும் கட்டளை நின்றுவிடுகிறது. எம்பெருமான் உறைகிற இடம் இது என்று ஊரை மட்டும் சொல்லுகிறார். வண்புருடோத்தமத்திலும் அப்படியே. செம்பொன்செய்கோயிலில்தான் முதல் முறையாகத் தாம் வெளிப்படுகிறார். அங்கே கண்டேன், உய்ந்தேன் என்பது மகுடத்தின் கருத்து. அடுத்ததான தெற்றியம்பலத்தில், கண்டவனை என்னுடையவன் என்று உரிமை கொண்டாடுகிறார். மணிக்கூடத்தில் படர்க்கை. காவளம்பாடியில் அந்தப் படர்க்கை முன்னிலையாகிறது; களைகண் நீ என்று நேரே விளிக்கிறார். வெள்ளக்குளத்தில் அது இன்னும் நெருங்கி, அண்ணா என்ற உறவுப்பெயராகி, என் இடரைக் களைவாய் என்ற வேண்டுகோளாகிறது. பெருமாளுக்கும் ஊருக்கும் அந்தப் பெயரே இன்றளவும் நிலைத்துவிட்டது. இப்படி நெஞ்சோடு பேசத் தொடங்கி எம்பெருமானோடு பேசுகிறவரை வந்த பிறகு, பார்த்தன்பள்ளியில் ஆழ்வார் பேசவே இல்லை. தாய் பேசுகிறாள். என் மகள் பார்த்தன்பள்ளியையே பாடிக்கொண்டிருக்கிறாளே என்று பரகால நாயகியின் திருத்தாயார் சொல்லும் பாசுரமாகிவிடுகிறது.

வெள்ளக்குளத்தை எடுத்துக் கடைசியில் வைத்து, வழியை நேராக்கிய அடியேனுடைய புத்திக்கூர்மை இங்கே என்னவாகிறது? தன்னிலையும் முன்னிலையும் தீர்ந்து, தாமே தமக்கு இல்லாமற்போய்த் தாயின் வாக்காக வெளிப்பட்ட பிறகு, மறுபடி அண்ணா என்று விளிக்கும் நிலைக்குத் திரும்பி வரச் சொல்லியிருக்கிறேன். கால்வழியை ஒழுங்குபடுத்தி மனவழியைக் குலைத்தேன்.

இன்னுமொன்று. நாங்கூருக்கு முந்தைய பதிகம் எது? திருவாலியைப் பற்றிய மூன்றாம் பத்து ஏழாம் திருமொழி. அதுவும் தாய்ப்பாசுரமே. கரிய இளைஞன் ஒருவன் வந்து மகளை அழைத்துப் போய்விட்டான், இருவரும் ஆலிக்குள் புகுந்திருப்பார்களோ என்று தாய் தவிக்கிறாள். அந்தத் தாய் வாய்மூடியதும் நாங்கூர் தொடங்குகிறது. 11 திருப்பதிகளும் முடியும் இடத்தில் அதே தாய் மறுபடி வாய்திறக்கிறாள். முன்பு மகள் எங்கே போனாளோ என்று தெரியாமல் அழுதவளுக்கு, இப்போது மகளின் குரல் காதில் விழுகிறது. அடியேன் திசையில்லாத அலைச்சல் என்று நினைத்தது உண்மையில் ஒரு சுற்று. புறப்பட்ட குரலிலேயே வந்து முடிகிறது. இதற்கடுத்த இந்தளூர்ப் பதிகத்தில் ஆழ்வார் ஊடலிலே பேசுவதும், தாய்ப்பாசுரத்துக்குப் பிறகு வந்தால்தான் பொருந்துகிறது. ஆற்றாமை முற்றியவர்க்கன்றோ ஊடல் வரும்?

இதையெல்லாம் அந்த இரவிலேயே கண்டுவிட்டதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அன்று தெரிந்தது மகுடம் மாறுகிறது என்பது மட்டுமே. விடிந்து மணிமாடக்கோயில் வாசலில் உட்கார்ந்தபோது அந்த ஸ்வாமி, "ஏடு மாறிற்றோ?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "தெரியவில்லை என்பது தெரிந்ததே, போதும்" என்று சொல்லி, தம் காலில் குத்தியிருந்த முள்ளை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அகத்துக்குத் திரும்பி, திருத்தகப்பனாரிடம் நான்காம் பத்துக்கு வ்யாக்யானம் மறுபடி காலக்ஷேபம் கேட்டபோதுதான் மற்றவை தெளிந்தன.

பதிகந்தோறும் அவதாரிகையிட்டு முன்பதிகத்தோடு ஸங்கதி காட்டுவது வ்யாக்யாதாக்களின் வழக்கம். அந்த ஸங்கதி எப்போதும் ஆழ்வாருடைய திருவுள்ளத்தின் போக்கைப் பற்றியதாக இருக்குமேயன்றி, இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு இத்தனை நாழிகை வழி என்பதைப் பற்றியதாக இராது. இதைப் பார்த்துச் சிலர், பூர்வாசார்யர்களுக்கு நிலவியல் தெரியாது, அவர்களுக்குத் தத்த்வார்த்தமே குறி என்று எழுதுகிறார்கள். பெரியவாச்சான்பிள்ளை அவதரித்த சேங்கனூர் எங்கே இருக்கிறது என்று பார்த்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள். பெரிய திருமொழியில் இந்தளூருக்கு அடுத்த பதிகம் திருவெள்ளியங்குடி. சேங்கனூர் அதற்கு அண்டை ஊர். ஆழ்வார் நாங்கூரை விட்டு இரண்டு பதிகம் நடந்தால் வ்யாக்யாதாவின் வாசலுக்கே வந்துவிடுகிறார். காவிரி நாட்டு வயலும் வாய்க்காலும் அவர் கண்முன் கிடந்தவை. கால்வழி தெரியாமல் விட்டவர் அல்லர். தெரிந்தே மனவழியைக் காட்டியவர்.

நாங்கூர்ப் பாசுரங்களின் நில வர்ணனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான பாசுரங்களில் முன்பாதி எம்பெருமானுடைய அவதாரச் செயலையும், பின்பாதி ஊரின் வளத்தையும் சொல்லும். செந்நெல், கமுகு, கயல், வாளை, செங்கழுநீர், வண்டு, குயில் என்று திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, இவை கவிமரபுச் சொற்கள், எந்த ஊருக்கும் பொருந்தும் என்று சொல்லுவாருண்டு. ஆசார்ய ஹ்ருதயத்தில் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் பறவைகளுக்கும் வண்டுக்கும் ஆசார்யர்கள் என்று ஸ்வாபதேசம் அருளியிருப்பதை எடுத்துக்காட்டி, ஆகவே வயல் என்பது வயலே அன்று என்பாருமுண்டு. அடியேனுக்கு இரண்டும் ஒருபக்கமாகவே படுகிறது. ஸ்வாபதேசம் கொள்ளுவதற்கு முதலில் தேசம் இருக்க வேண்டும். வாளை துள்ளுவதைப் பாராதவனுக்கு அதன் உள்ளுறை எங்கிருந்து சுவைக்கும்? மரபுச் சொல் என்பதற்கும் விடை அந்த வரப்பிலேயே இருக்கிறது. இந்த ஊர்களுக்கிடையில் நடப்பவன் கண்ணில் திரும்பத் திரும்பப் படுவது அதே நெல்லும் அதே நீரும்தான். 11 ஊரும் ஒரே வயலின் 11 கரைகள். வர்ணனை மாறினால்தான் பொய்யாகும்.

ஸ்தல வரலாறுகளைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. தக்ஷயஜ்ஞத்துக்குப் பின் ருத்ரன் ஆடிய தாண்டவமும், அவன் 11 வடிவு கொண்டதும், அவனைத் தணிக்க எம்பெருமான் 11 கோலத்தில் இங்கே எழுந்தருளியதும் யாவரும் அறிந்தவை. மணிமாடக்கோயில் நாராயணன் பதரியிலிருந்தும், வெள்ளக்குளத்து ஸ்ரீநிவாஸன் திருவேங்கடத்திலிருந்தும் வந்தவர்கள் என்று பெரியோர் சொல்லுவதில், அடைவைப் பற்றிய நமது விஷயத்துக்கு ஒன்று உபயோகப்படுகிறது. தொடக்கத்திலேயே பதரியைப் பாடிய பெரிய திருமொழி, நாங்கூரில் பதரி நாராயணனிடமே தொடங்குகிறது. நெடிய யாத்ரையை ஆழ்வார் தம் ஊரில் ஒரு முறை சிறியதாக நடந்து பார்க்கிறாரோ என்று தோன்றும். இதை ரஸமாகச் சொல்லலாமேயன்றி ஸாதிக்க முடியாது. மற்ற திருப்பதிகள் அந்த வரிசைக்கு ஒத்துவரவில்லை.

அடியேன் சொன்ன மகுடங்களின் போக்கிலும் ஒரு முடிச்சு அவிழாமல் நிற்கிறது. தெற்றியம்பலத்தில் என்னுடையவன் என்று சொன்னவர், மணிக்கூடத்தில் ஏன் படர்க்கைக்கு விலகுகிறார்? உரிமை கொண்டாடியதற்கு உடனே நாணி நைச்யம் பாவித்தார் என்று சொல்லிப் பார்த்தேன்; நிறைவாக இல்லை. மணிக்கூடம் ஊரெல்லையைத் தாண்டும் இடமாதலால், விட்டுவந்த ஊரைத் திரும்பிப் பார்க்கிற குரலோ என்றும் நினைத்ததுண்டு. வ்யாக்யானத்தில் ஆழ்ந்த வித்வான்கள் யாரேனும் இதற்குத் தக்க ஸங்கதி காட்டினால் அடியேன் உபக்ருதனாவேன்.

வயல்வழியைப் பற்றி ஒரு விண்ணப்பம் உண்டு. அடியேன் முதலில் நடந்தபோது சாலை இல்லாத இடங்களில் இன்று சாலை இருக்கிறது. சில வயல்கள் மனைகளாகிவிட்டன. சிலவற்றில் வேலி வந்துவிட்டது. ஒரு வருஷம், நேரமாகிவிட்டது என்று சொல்லி, வழக்கமாக வயலில் இறங்கும் ஓரிடத்தில் இறங்காமல் சாலையோடு போக ஏற்பாடு செய்தார்கள். வரப்பில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தார் காத்திருந்ததை, தூரத்தில் அந்த வெளிச்சம் தெரிந்தபோதுதான் அறிந்தோம். ஆழ்வார் சாலையிலேயே போய்விட்டார். அந்த விளக்கு வெகு நேரம் அங்கேயே இருந்தது. அதற்கு மறுவருஷம் பெரியவர்கள் சொல்லி மறுபடி வயலில் இறங்கினார்கள் என்பது ஸந்தோஷம். ஆனால் எந்த மடையருகே இறங்கி எந்த வரப்பில் ஏறுவது என்பது இன்னும் ஸ்ரீபாதந்தாங்கிகளின் காலுக்குத்தான் தெரியுமேயன்றி, எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அவர்களும் முதிர்ந்துவிட்டார்கள். பாடபேதங்களை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் இளைஞர்கள், ஒரு தையில் அவர்களோடு நடந்து, வயலுக்கு வயல் பெயர் கேட்டு எழுதி வைத்தால், அதுவும் ஒரு பதிப்பே.

உத்ஸவ ஸமயத்தில் வர இயலாதவர்கள் வேறொரு நாளில் சிறிய சுற்றாக நடக்கலாம். மணிமாடக்கோயிலில் தொடங்கி ஊருக்குள் உள்ள ஆறு ஸந்நிதிகளையும் ஸேவித்துக்கொண்டு, மணிக்கூடம் போய், காவளம்பாடியில் பெருமாளை ஸேவித்து, மறுபடி மணிமாடக்கோயிலுக்கே திரும்பலாம். விடியலில் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் முடியும். அர்ச்சகர் ஒருவரே இரண்டு மூன்று ஸந்நிதிகளைப் பார்த்துக்கொள்ளுவதால், முன்னதாகச் சொல்லி வைத்துவிட்டு வருவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் வரப்பு தாங்காது. அடைவாகவே பாசுரம் ஸேவிக்க வேண்டும் என்பவர்கள் வழியைப் பற்றிக் கவலைப்படாமல், கால் ஓரிடத்திலும் வாய் ஓரிடத்திலுமாகப் போகலாம். அந்த ஸ்வாமி அப்படித்தான் போனார்.

அடியேனுக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. சென்ற சில வருஷங்களாக மணிமாடக்கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். பேரன் வரிசையின் கடைசியில் நடந்துவிட்டு, சேற்றுக்காலோடு வந்து, எந்த வயலில் இறங்கினார்கள் என்று சொல்லுவான். சென்ற தையில் இரண்டு இடம் சொன்னான்; மூன்றாவது இடத்தின் பெயரைக் கேட்க மறந்துவிட்டானாம்.